ஞாயிற்றுக்கிழமை வண்டி

வண்டிக்கு அடியில் நுழைந்த கோதண்டராமனால் வெளியே வர முடியவில்லை. எதிலும் மாட்டிக்கொள்ளவில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான். மல்லாந்து கிடந்தபடி துருவேறிய தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகன் கவினின் ரப்பர் செருப்பு தெரிந்தது. "இன்னாப்பா, ஆயில் ஏதாவது லீக்காவுதா?" என்றான். "இரு, பாத்துகினுகீறேன்" என்றார். பார்ப்பதற்கு ஒரு மண்ணும் இல்லை. எஞ்சின்தான் கழன்று வீட்டுக்கூடத்தில் கிடக்கிறதே, ஒழுகுவதற்கு ஆயில் எங்கே இருக்கிறது? பையனும் பாதித் தூக்கத்தில்தான் கேட்டிருக்கிறான் என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

இது மூன்றாவது வண்டி. அவர் ஃபேக்டரியிலிருந்து ரிட்டயர்டான கையோடு கவின் ஒரு பழைய மாருதியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். இரண்டு பேருமாகப் பிரித்து மாட்டி, பெயிண்ட் அடித்து, அது கப்பன் பார்க் வரை ஒரு சுற்று ஓடியபோது கோதண்டராமனுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்தது ஒரு அம்பாசிடர். அது முடிவதற்குள் அவருடைய முட்டி இரண்டும் முடிந்துவிட்டது. இனி வண்டியே வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்த சமயத்தில், சொல்லாமல் கொள்ளாமல் இந்தப் பழைய பத்மினி காரைக் கட்டியிழுத்து வந்துவிட்டான். "உனக்குப் புடிச்ச வண்டிப்பா" என்றான். அவருக்கு எந்த வண்டியும் பிடிக்காது. வேலையில் இருந்த காலமெல்லாம் கம்பெனி பஸ்ஸின் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே போய்வந்தவர். ஆனாலும் பல்லைக் காட்டினார்.

காட்டாமல் என்ன செய்வது? கல்யாணமானதும் கவின் வேலைக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று சந்தாபுராவில் ஃபிளாட் பார்த்துக்கொண்டு போய்விட்டான். அந்த ஓசூர் ரோடு நெரிசலில் முட்டி மோதி ஞாயிறு தவறாமல் ஆஸ்டின் டவுனுக்கு வருகிறான் என்றால், அது இந்தத் தகர டப்பாவுக்காகத்தான். சின்ன வயதிலிருந்தே கேட்டதற்கு ஒரு வார்த்தைக்கு மேல் பதில் சொல்லாத பிள்ளை. கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்தால் மட்டும் வாய் திறக்கும். மேனேஜர் படுத்தும் பாடு, ஃபிளாட்டுக்குத் தண்ணி லாரி வராத கதை, மருமகள் அனுஷாவின் தைராய்டு எல்லாம் அவருக்குத் தெரிந்தது அப்படித்தான். வண்டி நின்றால் பிள்ளை வருவதும் நின்றுவிடும். அந்தப் பயம்தான் அவரை அந்த வயதில் சிமெண்டுத் தரையில் உருள வைத்தது.

எதிர்வீட்டுக் கிருஷ்ணப்பா போகிறபோதும் வருகிறபோதும், "ஏன் சார், காடி யாவாக ஹொரடுத்தெ?" என்பார். வண்டி எப்போது கிளம்பும் என்று கேட்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். கோதண்டராமனும் சிரித்துவிட்டுக் கன்னடத்திலேயே "முந்தின வாரா" என்பார். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லியே ஒரு வருஷம் ஓடியிருந்தது.

ஆயுத பூஜை வந்தது. தெரு முழுக்க வாழைக்கன்றும் சேவந்திப் பூவும் கட்டிய ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும். எஞ்சின் இல்லாத பத்மினிக்கும் கவின் சந்தனம் வைத்து, ஓடாத சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். அனுஷா பொரிப் பொட்டலத்தோடு உள்ளே போனாள். போனவள், "அத்தை, இது என்ன?" என்று கேட்டது வெளியே கேட்டது.

விஷயம் வால்வுகள். எஞ்சினின் எட்டு வால்வு. மாதக்கணக்காக ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவும் பிள்ளையும் மாறி மாறி அவற்றில் உராய்வு பேஸ்ட் தடவி, குச்சியில் பொருத்தி, உள்ளங்கைகளுக்கிடையில் உருட்டி, அதது உட்காரும் குழியிலேயே வைத்துத் தேய்த்திருந்தார்கள். தேய்த்தபின் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட முடியாது. அதற்காகவே கவின் ஓர் அட்டையில் ஓட்டை போட்டு வரிசையாகக் குத்தி வைத்திருந்தான். அவர் மனைவி வேதநாயகி காலையிலேயே அந்த அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு, எட்டையும் புளி போட்டு விளக்கி, பித்தளைத் தாம்பாளத்தில் வட்டமாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பொட்டிட்டு, நடுவில் ஒரு சேவந்தியும் வைத்திருந்தாள்.

"ஏய், வரிசையெல்லாம் போச்சே!" என்றார் கோதண்டராமன்.

"சாமி முன்னாடி அந்த அழுக்கு அட்டையவா வைப்பாங்க? எப்படி மின்னுது பாருங்க" என்றாள் வேதநாயகி.

கவின் கத்துவான் என்று எதிர்பார்த்தார். அவன் கத்தவில்லை. அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். பிள்ளையின் கண்ணுக்குக் கீழே கறுத்திருப்பதை, முன்மண்டையில் முடி கொட்டியிருப்பதை அப்போதுதான் முழுசாகப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து எட்டையும் உருட்ட வேண்டும். நினைக்கும்போதே தோள்பட்டை வலித்தது. சொல்லக்கூடாது என்று இத்தனை நாள் பிடித்து வைத்திருந்தது தானாக வாயில் வந்துவிட்டது.

"விட்டுடலாம்டா. என்னால முடியல."

கவின் கண் திறந்தான். "நெஜமாவாப்பா?"

"நெஜமாத்தான்."

"ரிட்டயர்டாயி சும்மா உக்காந்தா நீ நொந்துபூடுவேன்னுதான்பா நான் வண்டி மேல வண்டியா கொண்டாந்தேன்" என்றான். குரலில் கோபமில்லை, மூட்டையை இறக்கி வைத்தவன் குரல் அது. "எனக்கு ஞாயித்துக்கிழமை எழுந்துக்கவே முடியல."

அனுஷா தலையைக் குனிந்துகொண்டாள். நீ வருகிறாய் என்பதற்காகத்தானடா நான் உருண்டேன் என்று சொல்ல நினைத்தார் கோதண்டராமன். பண்டிகை நாளில் பிள்ளைக்கு அந்தப் பாரத்தையும் ஏற்றுவானேன் என்று விழுங்கிவிட்டார். வெளியே போய்ப் பூசணிக்காயை ரோட்டில் ஓங்கி உடைத்தார்.

ஓசூரிலிருந்து காயலான் கடைக்காரன் ஒருவன் லாரியோடு வந்து வண்டி, எஞ்சின், பொட்டிட்ட வால்வுகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனான். காலியான இடத்தில் அன்று மாலையே கிருஷ்ணப்பாவின் ஸ்கூட்டர் நின்றது.

அடுத்த ஞாயிறு கவின் வரமாட்டான் என்றுதான் நினைத்திருந்தார். வந்தான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, விருந்தாளி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தான். வேதநாயகி டீயை வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். "ஆபீஸ் எப்படிப் போவுது?" என்று கேட்டார். "போவுதுப்பா." "அனுஷா?" "நல்லாருக்கா." டீ சட்டென்று தீர்ந்துவிட்டது. கவின் தன் கைகளை மடிமேல் வைத்தான், எடுத்தான், போனைத் தடவினான். அந்த நகங்கள் சுத்தமாக இருந்தன.

"கெளம்பட்டுமாப்பா? ட்ராஃபிக் ஆயிடும்" என்றான்.

கோதண்டராமன் மேலே பார்த்தார். போன கோடையில் வாங்கிய மின்விசிறி அலுங்காமல் குலுங்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"இந்த ஃபேன் ரொம்ப சத்தம் போடுதுடா" என்றார்.

எழுந்த கவின் அப்படியே நின்று அண்ணாந்து கேட்டான். கூடத்தில் ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதி. அப்பாவை ஒருமுறை பார்த்தான்.

"ஆமாப்பா, போடுது" என்று ஸ்விட்சை அணைத்தான்.

இறக்கைகள் மெல்ல மெல்லச் சுற்றி நிற்கும்வரை இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கவின் முழுக்கையை மடித்துவிட்டுக்கொண்டு ஸ்டூலில் ஏறினான். கோதண்டராமன் ஸ்டூலை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.