நிக்கோபாரைத் தொட்ட வட்டம்

1

இது திருட்டுக் கதை. என் மனைவியிடமிருந்து திருடியது.

தில்லியில் எங்கள் ஆர்.கே.புரம் பக்கத்துத் தமிழ்ச் சங்கத்தில் ஆண்டு மலருக்கு ஒரு கதை கேட்டார்கள். பெருமையாகத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் வந்து உட்கார்ந்தால் எழுத ஒன்றுமில்லை. மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருப்பவனுக்கு என்ன கதை இருக்கும்? கோப்பு மேலே போகும், கீழே வரும். எதிரே சாப்பாட்டு மேஜையில் ரோஹிணி லேப்டாப்பைத் திறந்துவைத்து, நடுக்கடலில் இருக்கும் ஒரு தீவைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று பேனாவை எடுத்துவிட்டேன்.

அவள் வேலையை ஒரே பத்தியில் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாடு, மூழ்கியும் மூழ்காமலும் கிடக்கும் பவளத்திட்டின் மேல் கடலடி மணலை உறிஞ்சிக் கொட்டித் தீவாக்குகிறது. அதன் மேல் ஓடுதளம், ராடார், எண்ணெய்த் தொட்டிகள். ரோஹிணி செயற்கைக்கோள் படங்களை வாங்கி, பழையதன் மேல் புதியதை வைத்து, தீவு எந்தப் பக்கம் வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பாள். அங்கே எந்த விமானம் இறங்க முடியும், அது எவ்வளவு தூரம் போய்த் திரும்பும் என்று கணக்குப் போட்டு ஒரு வட்டம் வரைவாள். அந்த வட்டத்துக்குள் யார் ஊர் வருகிறதோ அவர்களுக்குத் தூக்கம் போய்விடும்.

[நாட்டின் பெயரையும் தீவின் பெயரையும் எழுதவில்லை. எனக்குப் பென்ஷன் வர இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. ஊகிக்கிறவர்கள் ஊகித்துக்கொள்ளுங்கள்.]

2

முதல் தொடக்கம்:

"நீலக் கடலின் மார்பில் ஒரு வெள்ளைத் தழும்பைப் போல அந்தத் தீவு"

இந்த வாக்கியம் முடியவில்லை. ரோஹிணி தில்லியில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கமாட்டாள். அதனால் நான் எழுதுவதையெல்லாம் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். 'தழும்பு' வரை வாசித்ததும் கையை நீட்டி நிறுத்தினாள்.

"அரே, தழும்பெல்லாம் எங்கேருந்து வந்துச்சு? மணல் கொட்டியிருக்காங்க குணா, அவ்ளோதான்."

இரண்டாம் தொடக்கம்:

"சாணக்யபுரியில் உள்ள ஓர் ஆய்வு மையத்தின் மூன்றாம் மாடியில், உலகமே உறங்கும் வேளையில் ஒரு பெண்"

"நான் அஞ்சரைக்கு வீட்டுக்கு வந்துடறேன். உலகம் அப்போ டிராஃபிக்ல இருக்கும்."

மூன்றாவதை அவளுக்கு வாசிக்கவே இல்லை. அதில் அவளுடைய கண்களைப் பற்றி ஏதோ எழுதியிருந்தேன். அவை அழகான கண்கள்தான், கதைக்கு வெளியே சொல்லிவிடுகிறேன்.

3

கதை என்றால் ஒரு வில்லன் வேண்டும். அவளுடைய மேலதிகாரியை ஆக்கிவிடலாம் என்று பார்த்தேன். கமடோர் சிவஞானம், கடற்படையில் ஓய்வு பெற்றவர், நாகர்கோவில்காரர். பெரிய மீசை, பெரிய குரல். எல்லாம் தோதாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மனிதர்தான் இந்த முறை அறிக்கையின் அட்டையில் ரோஹிணியின் பெயரை முதலில் போடச் சொன்னவர். இத்தனை வருடமாக அவள் வரைந்த வரைபடங்களெல்லாம் வேறு யார் யாருடைய பெயரிலோ வந்தன. அவளுக்கு மிஞ்சியது கடைசிப் பக்கத்தில் ஒரு நன்றி. அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. இப்போது முதல்முறையாக அட்டையில் அவள் பெயர். செவ்வாய்க்கிழமை கருத்தரங்கில் அவளே மேடையேறிப் படிக்கப்போகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிவஞானம் போன் செய்தார். ஸ்பீக்கர் போடாமலே எனக்கும் கேட்டது.

"மக்ளே, மந்திரி ஆபீஸ்லேருந்து ரெண்டு பேரு வாராங்க. பேப்பர்காரனும் வாரான். அந்த வட்டத்த மொதப் படமா போட்டுரு, கேட்டியா? நிக்கோபாரத் தொடுதுல்லா, அதப் பாத்தா சபையே நிமிந்து உக்காரும்."

விஷயம் அதுதான். தீவின் தென்பக்கம் புதிதாக நிலம் முளைத்திருந்தது. அந்த அளவு நிலம் இருந்தால் ஓடுதளத்தை நீட்டலாம். நீட்டினால் கனத்த விமானங்கள் இறங்கலாம். கனத்த விமானங்களுக்குப் பெரிய வட்டம். அந்தப் பெரிய வட்டத்தின் ஓரம் நம்முடைய நிக்கோபாரைத் தொட்டது.

வில்லன் திட்டத்தைக் கைவிட்டேன். தீபாவளிக்கு லட்டு கொண்டுவந்து கொடுத்து, என்னையும் உட்காரவைத்துப் பேசிவிட்டுப் போனவரை எப்படி வில்லனாக்குவது?

4

இனிமேல் நடப்பதற்கு நான்தான் காரணம். கதாசிரியன் கதைக்குள் மூக்கை நுழைக்கக்கூடாது என்று சொல்வார்கள், நான் நுழைத்துவிட்டேன்.

அன்று மத்தியானம், தீவை இரவில் காட்டினால் நன்றாக இருக்குமே என்று ஓர் ஆசை. ஆளில்லாத ஓடுதளம், மேலே நிலா. ஆனால் நிலா இருந்ததா? இருந்திருக்காவிட்டால் ரோஹிணி விடமாட்டாள்.

"அந்தப் புதுப் படம் என்னிக்கு எடுத்தது?"

"எதுக்கு?"

"நிலாவுக்கு."

"பகல்ல எடுத்த படம் அது. பாகல் ஆயிட்டீங்களா, பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"தேதியை மட்டும் சொல்லேன்."

சலித்துக்கொண்டே லேப்டாப்பில் பார்த்துச் செப்டம்பரில் ஒரு தேதி சொன்னாள். எங்கள் வீட்டில் குளிர்பதனப் பெட்டிக்குப் பக்கத்தில் மாதக் காலண்டர் தொங்குகிறது. கிருத்திகை, பிரதோஷம் பார்த்து மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போவதற்காக வாங்கிவைத்தது. தாளைப் பின்னால் புரட்டினேன். அந்தத் தேதியின் கட்டத்தில் வெள்ளையாக ஒரு வட்டம்.

"பௌர்ணமி!" என்று கத்தினேன். எனக்கு ஒரே சந்தோஷம்.

ரோஹிணி சிரிக்கவில்லை. "க்யா?" என்றாள். எழுந்து வந்து காலண்டரை அவளே பார்த்தாள். பிறகு லேப்டாப்புக்குத் திரும்பிப் போய் வேறெதையோ திறந்தாள். நான் நிலாவைப் பற்றி இரண்டு வரி எழுதினேன், நன்றாகவே வந்தது. தலையை நிமிர்த்தியபோது அவள் முகம் சரியில்லை.

(ஒரு குறிப்பு, வாசகர் தவறவிடக்கூடாது என்பதற்காக: கடல் ஏறும், வற்றும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி இரண்டுமே அதிகம். ஏறி நிற்கும்போது படம் எடுத்தால் தீவு சிறியது. வற்றிக் கிடக்கும்போது எடுத்தால் கரையோரத் திட்டெல்லாம் தரைபோலத் தெரியும், தீவு பெரியது. அதனால் இந்த வேலையில் இருப்பவர்கள் ஒவ்வொரு படத்துக்கும் அந்த நேரத்தில் கடல் எங்கே நின்றது என்று சரிபார்த்துவிடுவார்கள். ரோஹிணியும் பார்த்தாள். ஆனால் முதலில் வாங்கிய படத்தில் தென்பக்கத்தை மேகம் மறைத்திருந்தது. அதை எடுத்துவிட்டு வேறொரு நாளின் படத்தை வைத்தாள். படம் மாறியது. கடலைச் சரிபார்த்த கணக்கு மட்டும் பழைய படத்துடையதாகவே நின்றுவிட்டது. என் பௌர்ணமியைக் கேட்டதும் அவளுக்குக் கடல் நினைவு வந்திருக்கிறது.)

புதிய படம் எடுத்த நேரத்தில் கடல் நன்றாக வற்றியிருந்தது. தென்பக்கத்து நிலம் நிலமே இல்லை. சில மணி நேரத்தில் தண்ணீருக்குள் போகும் திட்டு.

5

முதலில் அவளுக்கு என் மேல்தான் கோபம் வந்தது. கோபம் வந்தால் ரோஹிணி இந்திக்குப் போய்விடுவாள். தமிழில் 'நீங்க'வாக இருக்கும் நான் அங்கே 'தும்', அதாவது 'நீ', ஆகிவிடுவேன். என் கதை, என் சங்கம், என் நிலா எல்லாவற்றையும் வரிசையாகத் திட்டினாள். எனக்குக் கிடைக்க வேண்டியதுதான்.

பிறகு தமிழுக்கு வந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"தென்பக்கத்தை எடுத்துட்டா வட்டமே கிடையாது குணா. மத்லப், பழைய வட்டம்தான். போன வருஷம் எப்படியோ இப்பவும் அப்படியே. இதைச் சொல்றதுக்கு ஒரு கருத்தரங்கா? என் பேரை எதுல போடுவாங்க?"

"சிவஞானம் சார்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல." லேப்டாப்பை என் பக்கம் திருப்பித் தென்பக்கத்தைக் காட்டினாள். "அடுத்த வருஷம் அவங்க அந்தத் திட்டுல கொட்டத்தான் போறாங்க. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. அப்போ என் வட்டம் தப்பில்ல, கொஞ்சம் முந்திடுச்சு. அப்படித்தானே?"

என்னிடம் கேட்டாளா, தனக்குத்தானே சொன்னாளா, தெரியவில்லை.

"விட்டுடேன்" என்றேன். "யார் கண்டுபிடிக்கப் போறா?"

வாசகரே, அது கணவன் சொன்னது. அவள் பெயர் அட்டையில் வரவேண்டும் என்று அவளைவிட எனக்குத்தான் அதிக ஆசை. அதே நேரத்தில் உள்ளே இருந்த எழுத்தாளன் தலையில் அடித்துக்கொண்டான். விட்டுவிட்டால் கதை போச்சே! ஒரே சட்டைக்குள் இரண்டு பேர், ஒருவரும் அவளுக்கு உதவவில்லை.

6

திங்கட்கிழமை மாலை, அவள் வந்ததும் இரண்டு முடிவுகளை எழுதி வாசித்துக் காட்டினேன்.

முடிவு அ: மேடையில் ரோஹிணி வட்டத்தைக் காட்டுகிறாள். சபை நிமிர்ந்து உட்காருகிறது. மறுநாள் செய்தித்தாளில் அவள் பெயர். வீடு திரும்பி, கண்ணாடியைப் பார்க்க முடியாமல், [இங்கே நிறுத்திவிட்டேன், கண்ணாடி கொஞ்சம் அதிகம்.]

முடிவு ஆ: மேடையில் ரோஹிணி, "என் கணக்கு தவறு" என்கிறாள். அமைதி. பின்வரிசையில் ஒருவர் மெல்லக் கை தட்டுகிறார், பிறகு சபை முழுவதும்,

"யாரும் தட்டமாட்டாங்க" என்றாள் ரோஹிணி. "அடுத்த பேச்சாளர் ரெடியான்னு பாப்பாங்க. டீ வந்துச்சான்னு பாப்பாங்க."

"சரி, எது பரவாயில்லை?"

"முதல்ல நான் திருடி. ரெண்டாவதுல தியாகி. அந்தப் பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியல."

கோபமாகச் சொல்லவில்லை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். வட்டத்தை வைத்தாளா, எடுத்தாளா என்று கதவின் வழியாகத் தெரியாது.

7

செவ்வாய்க்கிழமை. கருத்தரங்குக்கு என்னை வரவேண்டாம் என்றுவிட்டாள். அலுவலகத்தில் ஒரு கோப்பையும் ஒழுங்காகப் படிக்கவில்லை.

மாலையில் வந்தாள். செருப்பைக் கழற்றினாள், முகம் கழுவினாள், "பசிக்குது" என்றாள். நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன்.

"என்ன ஆச்சு?"

"கதையை முடிச்சுட்டீங்களா?"

"நீ சொன்னாத்தானே முடிக்க முடியும்?"

"ஊஹூம். முதல்ல நீங்க எழுதுங்க. இத்தனை வருஷமா கூட இருக்கீங்கல்ல. நான் என்ன செஞ்சிருப்பேன்னு நெனைக்கிறீங்களோ அதை எழுதி வாசிங்க. அப்புறம் நான் சொல்றேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள், சிரித்துக்கொண்டே. ஆனால் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். அவள் உண்மையைச் சொல்லிவிட்டு, கிடைத்த பெயரைக் கைவிட்டு வந்திருக்கிறாள் என்றால், நான் 'வட்டத்தைக் காட்டினாள்' என்று எழுதுவது எப்பேர்ப்பட்ட அவமானம்! காட்டிவிட்டு வந்திருக்கிறாள் என்றால், 'தவறை ஒப்புக்கொண்டாள்' என்று நான் எழுதுவது அவள் கன்னத்தில் அறைவது. அதுவும் 'விட்டுடேன்' என்று சொன்ன இதே வாயால் வாசிக்க வேண்டும்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவள் முகத்தில் குறுகுறுப்பு ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். சட்னிக்கு உப்புப் பத்தவில்லை என்றாள்.

அவளோடு வேலை செய்யும் ப்ரணவுக்கு ஒரு போன் போட்டால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். போனை எடுத்தேன். ரோஹிணி பார்த்தாள். வைத்துவிட்டேன்.

"எதைச் செய்திருந்தாலும் அவள் என் ரோஹிணிதான்" என்று எழுதி, அதை மட்டும் வாசித்தேன்.

"சீட்டிங்" என்றாள்.

ஒப்புக்கொள்கிறேன். இவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இவளைப் பற்றி அந்த ஒரு வாக்கியத்தை எழுதக் கை வரவில்லை, பயமாக இருக்கிறது. நீங்கள் அவளை இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பார்த்திருக்கிறீர்கள். நான் மறைத்த இடங்களிலும் அவளைப் பார்த்திருப்பீர்கள். உங்களுக்கு எழுத வரும். கீழே இடம் விட்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மேடையேறிய ரோஹிணி ..................................................

சீக்கிரம். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கன்னத்தில் கைவைத்து, "ம், வாசிங்க" என்கிறாள்.