வண்டுக்குப் போட்ட கட்டைகள்

கட்டைகள் இருந்த இடத்தில் ஈரச் சருகுதான் கிடந்தது. ஜீவிதா நம்பாமல் இன்னொரு சுற்றுச் சுற்றி வந்தாள். தூக்கினால் முதுகு ஒடியும் அளவுக்குப் பெரிய பைன் கட்டைகள், காற்றிலா பறந்து போகும்?

"சுப்பண்ணா, இங்கதானுங்களே போட்டோம்?"

வனக் காவலர் சுப்பண்ணன் குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இங்கதானுங்க மேடம். நானே உருட்டிப் போட்டனுங்களே."

பைக்காராவுக்கு மேலே இருக்கும் அந்தச் சரிவில் பைன் மரங்கள் எவ்வளவு பருக்கின்றன என்று வருடா வருடம் நாடா பிடித்து அளப்பதுதான் ஜீவிதாவின் வேலை. வேலைக்குச் சேர்ந்தபோது இரண்டு கைக்குள் அடங்கிய மரங்கள் இப்போது அடங்குவதில்லை. கல்யாணப் பேச்சு எடுப்பவர்களிடம், "அவதான் மரத்தக் கட்டிக்கிட்டாளே" என்று அவள் அம்மாவே கிண்டல் செய்வாள்.

போன கோடையில் சில மரங்களின் உச்சி சிவந்தது. பட்டை வண்டு! அரிசி மணி அளவுகூட இல்லாத அந்தச் சனியன் பட்டைக்குள் புகுந்து, குடைந்து, முட்டையிட்டு, நிற்கிற மரத்தை நின்றபடியே சாகடித்துவிடும். பரவினால் சரிவு மொத்தத்தையும் வெட்டித் தள்ளிவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். ஜீவிதா கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு வாய்ப்பு வாங்கினாள். புதிதாக வெட்டிய பைன் கட்டைகளைக் காட்டுக்குள் போட்டு வைத்தால், அந்த வாசனைக்கு வண்டுகள் மரத்தை விட்டுக் கட்டைக்கு வந்து முட்டையிடும். குஞ்சுகளுக்கு இறக்கை முளைப்பதற்குள் கட்டையை எரித்துவிட வேண்டும். எரிக்காமல் விட்டால், தீனி போட்டு வண்டு வளர்த்த கதையாகிவிடும்.

எரிக்க வேண்டிய வாரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. சாலையில் மண் சரிந்து, ஊட்டியிலிருந்து ஒரு ஜீப்கூட வர முடியவில்லை. இன்றைக்குத்தான் வழி திறந்திருந்தது.

"கீழ காலனியிலதானுங்க பாக்கோணும்," என்றார் சுப்பண்ணன். "வெறகுக்கு எடுத்திருப்பாங்க."

காலனிப் பெண்கள் திருடிகள் இல்லை. நிற்கிற மரத்தில் ஒரு கொப்பைக்கூட ஒடிக்கக் கூடாது, விழுந்து கிடப்பதெல்லாம் உங்களுக்கு என்று அவர்களோடு பேசி முடித்தவளே ஜீவிதாதான். அந்தப் பேச்சை அவர்கள் ஒருநாளும் மீறியதில்லை. கட்டைகளும் கீழேதானே கிடந்தன! இதை மட்டும் தொடாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே, பாவி! தன்னையே திட்டிக்கொண்டு சரிவில் ஓடினாள்.

காலனியின் கடைசி வீடு பாலாமணியுடையது. அதன் முதுகுப் பக்கத்திலேயே பைன் மரங்கள் தொடங்கிவிடும். அந்த மரங்களுக்கு அடியில், தார்ப்பாய் போட்ட கொட்டகையில், கட்டைகள் துண்டுகளாக அறுபட்டு அழகாக அடுக்கப்பட்டிருந்தன.

"நாங்கதானுங்க உருட்டியாந்தோம்," என்றாள் பாலாமணி பெருமையாக. "அக்கம்பக்கத்துல எல்லாரும் சேந்து கை போட்டாங்க. கெடந்ததத்தானுங்க எடுத்தோம், நின்னதத் தொடவேயில்லீங்க."

"தெரியுமுங்க்கா. ஆனா இத அத்தனையும் இப்பவே எரிக்கோணும்."

பாலாமணி சிரித்தாள். ஜீவிதா விளையாடவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. வண்டு, முட்டை, இறக்கை என்று ஜீவிதா மூச்சு வாங்கச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்தாள்.

"எம்மக மனிஷாவுக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்குதுங்க. பச்சக் கொழந்தைய வெச்சுக்கிட்டு, இந்தக் குளுருல சுடுதண்ணி போட வெறகுக்கு எங்கீங்க போவேன்? வண்டப் பாக்கறீங்க, எம்புள்ளையப் பாக்க மாட்டீங்களா?"

வாசலில் நிறைமாத வயிற்றோடு மனிஷா நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க ஜீவிதாவுக்குத் தைரியம் வரவில்லை.

"வேற வெறகு நான் கொண்டாந்து தர்றேனுங்க்கா. என்னை நம்புங்க. இது போச்சுன்னா அந்த மலையே போச்சு." சொல்லிக்கொண்டே சேற்றில் குனிந்து பாலாமணியின் காலைத் தொட்டுவிட்டாள்.

"ஐயோ சாமி, எந்திரிங்க!" பாலாமணி பதறிப் பின்வாங்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டாள். அவர்கள் துண்டுகளைச் சுமந்து வந்து வாசலில் குவித்தார்கள். சுப்பண்ணன் ஜீப்பிலிருந்து டீசல் கொண்டுவந்தார்.

குஞ்சு எந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க ஜீவிதா ஒரு துண்டின் பட்டையில் கத்தியைச் செருகினாள். பட்டை வாழை மட்டை மாதிரி கழன்று கையோடு வந்தது. உள்ளே குடைந்த தடம் இருந்தது, பழுப்புத் தூள் இருந்தது, குஞ்சு இல்லை. அடுத்த துண்டிலும் இல்லை. பதற்றத்தில் வெளிப்பக்கத்தை அவள் சரியாகப் பார்க்கவேயில்லை. பட்டை முழுக்கக் கடுகளவு ஓட்டைகள்.

கொட்டகைக்கு மேலே நின்ற மரத்திடம் போனாள். அடிமரத்தில் மாவு மாதிரி புதுத் தூள் உதிர்ந்திருந்தது. பக்கத்து மரத்திலும், அதற்கு அடுத்ததிலும் அதேதான். வருடா வருடம் அவள் நாடா சுற்றிய மரங்கள்!

"பத்த வெக்கட்டுங்களா மேடம்?"

"வேண்டாங்கண்ணா." கத்தியை மடக்கினாள். "எல்லாம் பறந்து போயிருச்சு."

சுப்பண்ணன் தீப்பெட்டியோடு அப்படியே நின்றுவிட்டார். பாலாமணியின் காதில் விழுந்தது வேண்டாம் என்ற சொல் மட்டும்தான்.

"மேடம் மனசு எறங்கிட்டாங்கடி!" என்று அவள் கத்தினாள். பெண்கள் டீசல் படாத துண்டுகளை அவசர அவசரமாகக் கொட்டகைக்குத் திருப்பினார்கள். பாலாமணி ஓடிவந்து ஜீவிதாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கோணும் தாயி. பொண்ணு பொறந்தா உங்க பேருதான்."

ஜீவிதா வாய்விட்டு அழுதாள். எப்பேர்ப்பட்ட இளகிய மனசு என்று பாலாமணி முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். உள்ளே மனிஷா அவளுக்கு டீ வைக்க அடுப்பில் அந்தக் கட்டையில் ஒரு துண்டைச் செருகினாள். பிசின் மரம், உடனே பற்றிக்கொண்டது.