என் காலுக்கு அளவெடுத்த கார்

பதினேழு அட்டைப்பெட்டிகளாகவும் ஓர் இரும்புக் கூடாகவும் எங்கள் கராஜுக்கு வந்து சேர்ந்தது அந்தக் கார். தின்று முடித்த மீனின் முள் தட்டில் கிடப்பதைப் போல இருந்தது கூடு. என் கணவன் கிளைவ் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். தொடவில்லை.

அவனுடைய சங்கத்தில் எல்லாரும் இப்படி வீட்டிலேயே கார் கட்டுகிறவர்கள்தான். கூடு வந்த அன்றே அதற்குள் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, இல்லாத ஸ்டீயரிங்கைத் திருப்பி, வாயாலேயே "ப்ரூம்" என்று ஓட்டிப் பார்ப்பார்கள். வெட்கமே கிடையாது. நெவில் என்பவன் பதினோரு வருடமாக அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறான். அவன் கார் இன்னும் கூடுதான்.

"அவன மாதிரி ஆயிடக் கூடாது," என்றான் கிளைவ். "முடியற வரைக்கும் நான் உள்ள உட்கார மாட்டேன். உட்கார்ந்தா ஓட்டிட்ட திருப்தி வந்துடும். அப்புறம் எவன் வேலை செய்வான்?"

ஆகவே உட்காரும் வேலை எனக்கு வந்தது. இங்கிலாந்தில் எங்கள் டெர்பிஷரில் பிடித்தவரையும் பிடிக்காதவரையும் பறவையின் பெயரால் "வாத்தே" என்றுதான் கூப்பிடுவோம். ஐந்து வருடச் சனிக்கிழமைகளில் கராஜிலிருந்து அந்தக் குரல் வந்துகொண்டே இருந்தது.

"லோர்னா, ஒரு நிமிஷம் வந்து உட்காரு வாத்தே."

கையில் மாவு ஒட்டியிருக்க நான் போய் உட்காருவேன். அவன் என் காலடியில் சாக்பீஸால் கோடு போடுவான்.

"காலை நீட்டு. வசதியா இருக்கா?"

"இருக்கு."

"கை?"

"கையும் இருக்கு. ரெண்டும்."

சிரிக்க மாட்டான். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அடுத்த கோட்டுக்குப் போய்விடுவான்.

எஞ்சின், பின்பக்கம் நசுங்கிய ஒரு பழைய சிவப்புக் காரிலிருந்து வந்தது. காஞ்சொறிச் செடிகளுக்கு நடுவே இரண்டு மழைக்காலம் கிடந்த கார் அது. எஞ்சினை முதலில் உயிர்ப்பித்த நாளில் அவன் முன்னால் நின்று சத்தத்தைக் கேட்க வேண்டியிருந்தது; சாவியை நான்தான் திருப்பினேன். ஒன்றுமில்லை. மறுபடி திருப்பினேன். ஓர் இருமல். பிறகு தரையிலிருந்து ஏதோ எழுந்து என் முதுகுத்தண்டு வழியாக ஏறியது. அலமாரியில் ஆணி டப்பாக்கள் நடுங்கின. கிளைவ் இரண்டு கைகளையும் தொங்கவிட்டு நின்றான். செத்துக் கிடந்த ஒன்று எங்கள் வீட்டில் மூச்சு விடுகிறது.

ஒன்றை அவனிடம் நான் சொன்னதில்லை. அவன் போல்ட் வாங்கக் கடைக்குப் போகும்போதெல்லாம் கராஜ் கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து, மெதுவாக, "ப்ரூம்" என்று சொல்லிப் பார்ப்பேன்.

கடைசியில் சோதனை நாள் வந்தது. அரசாங்க அதிகாரி பார்த்துச் சான்றிதழ் தந்தால்தான் கார் சாலைக்கு வரலாம்; அதுவரை சோதனைக்குப் போய்வர மட்டும் அனுமதி. டெர்பியில், ஒன்பது மணிக்கு. விட்டால் அடுத்த தேதி பனிக்காலத்தில்தான். கிளைவ் மெல்லிய புதுக் காலணி போட்டுக்கொண்டு, காருக்குள் முதன்முறையாக வலது காலை விட்டான்.

முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. காலை வெளியே எடுத்து, இடதை விட்டான். அதுவும் இடித்தது. ஆறடி மூன்று அங்குல மனிதன், பாதி மடித்த ஏணி போல நின்றான்.

"சீட்டைத் தள்ளு," என்றேன்.

"தள்ள முடியாது. போல்ட் போட்டிருக்கு."

"பெடலை?"

"ரெண்டு நாள் வேலை." காலடியில் இருந்த பழைய சாக்பீஸ் கோட்டைப் பார்த்தான். "எல்லாம் உன் காலுக்கு அளவெடுத்திருக்கேன்."

"என் காலுக்கு ஏன் எடுத்த?"

"நீதான உட்கார்ந்திருந்த."

சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. ஐந்து வருடம். மணி எட்டேகால்.

"சாவியக் குடு," என்றேன்.

"நீ வாரத்துக்கு ஒரு தடவ கடைக்கு ஓட்டுறவ."

"இன்னைக்கு ரெண்டு தடவைன்னு வச்சிக்கோ."

அவன் பக்கத்து சீட்டில் ஏறினான். அங்கே பெடல் இல்லாததால் காலை நீட்டிக்கொள்ள இடம் இருந்தது.

என் பாதம் வைத்த இடத்தில் பெடல் இருந்தது. கை போன இடத்தில் கியர் இருந்தது. தேட வேண்டியதே இல்லை. கதவும் கூரையும் இல்லாத தாழ்வான கார்; ஆற்றோரச் சாலையில் இறங்கியபோது தார் என் இடுப்புக்குப் பக்கத்தில் ஓடியது; கையை நீட்டினால் தொட்டுவிடலாம். பக்கத்தில் வந்த லாரியின் சக்கரம் என் தலை உயரத்தில் சுழன்றது. வேலிக்குள் நின்ற ஆடு ஒன்று எனக்கு நேர் உயரத்தில் நின்று என்னைப் பார்த்தது. ஈர இலை வாசனை, குளிர், எஞ்சின் சூடு எல்லாம் தனித்தனியாக முகத்தில் பட்டன. இருபத்தாறு வருடமாகப் போய்வரும் சாலை. இதற்கு முன்பு இதைப் பார்த்ததே இல்லை என்று தோன்றியது.

திரும்பிப் பார்த்தேன். கிளைவ் தன் விரல்களைக் காரின் ஓரத்தில் வைத்திருந்தான், நாடி பார்ப்பவனைப் போல.

சோதனை அதிகாரி ஒரு பந்தை எடுத்து விளிம்பெல்லாம் உருட்டி, கூர்மை இருக்கிறதா என்று பார்த்தார். விளக்கு, பிரேக், கண்ணாடி. மதியம் வரை ஆயிற்று.

"ஓட்டிட்டு வந்தது நீங்களா வாத்தே?" என்றார் என்னிடம். "அச்சுல வார்த்த மாதிரி உட்கார்ந்திருந்தீங்க. கட்டினவர் நல்லா அளவெடுத்திருக்கார்."

கிளைவ் கட்டடத்தின் கூரையைப் பார்த்தான். தேர்ச்சி என்று எழுதிய தாளை அவர் அவனிடம்தான் கொடுத்தார்.

வீடு வந்ததும் அவன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு காரின் அடியில் படுத்தான். பெடலை நான்கு அங்குலம் முன்னால் தள்ளினால் அவன் கால் போகும். என் கால் எட்டாது. வாசலிலேயே நின்றேன். வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு போல்ட் கிறீச்சிட்டது. பிறகு ஸ்பானர் நின்றுவிட்டது.

அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"லோர்னா."

"என்ன?"

"அந்த ஆடு உன்னையேதான் பார்த்துச்சு, இல்ல?"

"ஆமா."

அதே போல்ட் மறுபடி இறுகும் சத்தம் கேட்டது. அவன் வெளியே வந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான்.

"நாளைக்கு அந்தப் பக்கம் மலை ரோட்டுல போலாம். நீ ஓட்டு," என்றான். "எனக்கு எஞ்சினக் கேட்கணும்."