நடுவில் நிற்கும் லிப்ட்

அந்த மனநல மருத்துவமனையில், ஒரு மாடியில் எழுதிய தாளோடு இன்னொரு மாடியில் கால் வைத்தால் எழுத்தெல்லாம் மறைந்துவிடும். திறந்த நாளிலிருந்தே அப்படித்தான். முதலில் மையைக் குறை சொன்னார்கள், பிறகு பேனாவை மாற்றினார்கள், கடைசியில் ஒரு மாடி டாக்டர் அடுத்த மாடிக்குப் போவதையே விட்டுவிட்டார். யாருக்கும் அது பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை.

நஷ்டம் லிப்ட்காரருக்குத்தான். மகளைப் பறிகொடுத்த மாதத்தில் வாயை மூடிய அவர் மனைவி எட்டு வருடமாக ஒரு வார்த்தை பேசவில்லை. தையல் மிஷின் முன்னால் உட்காருவாள், நூல் கோப்பாள், மறுபடி உருவிவிடுவாள். முதல் மாடியில் இரத்தத்தில் ஏதோ சத்துக் குறைச்சல் என்றார்கள். மாத்திரையில் தூக்கம் வந்தது, பேச்சு வரவில்லை. இரண்டாம் மாடியில் மூளையைப் படம் பிடித்து, ஓர் இடம் மங்கிக் கிடப்பதைக் காட்டினார்கள். மூன்றாம் மாடியில், பேசாமல் இருப்பது அவளுக்குப் பழகிவிட்டது என்றார்கள். நான்காம் மாடி டாக்டரம்மா எதையும் அளக்கவில்லை. "பெத்த வயிறு, எரியத்தானே செய்யும்" என்றார். நாலில் ஒன்றுதான் நிஜம், மற்றதெல்லாம் புருடா என்று லிப்ட்காரர் முடிவு கட்டிக்கொண்டார். ஒரு மாடியை நம்பி இரண்டு வருடம், அதைத் தலைமுழுகிவிட்டு அடுத்ததை நம்பி இரண்டு வருடம் என்று அலைந்து அலுத்துப்போனார்.

ஓய்வு பெறும் வாரம் அவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஸ்டூலை விட்டு எழாமலே ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்தார். "டாக்டர், இவ சீட்ட இங்கயே குடுத்துருங்க, என்னால எறங்க முடியல."

நாலு சீட்டும் கைக்கு வந்தன. ஒரு எழுத்தும் மறையவில்லை. லிப்ட் எந்த மாடியும் இல்லையே. இத்தனை வருடம் அது யாருக்கும் தோன்றவில்லை, அதிலேயே உட்கார்ந்திருந்தவருக்கும்தான். இனி எங்கேயும் போகத் தெம்பில்லாமல் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே லிப்டை நிறுத்தினார். சீட்டுகளை மடியில் பரப்பி வாய்விட்டு வாசித்தார். நாலும் ஒருத்தியைத்தான் சொல்லின. எதையும் பொய் என்று ஒதுக்க முடியவில்லை. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"மெதுவாப் படிங்க," என்றாள் அவள். "எல்லாமே நான்தான்."

இப்போது தினமும் மூன்று மணிக்கு லிப்ட் அரை மணி நேரம் நடுவில் நிற்கிறது. புது லிப்ட்காரர் இவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார். டாக்டர்கள் மூச்சிரைக்கப் படியேறுகிறார்கள். லிப்டை விட்டு இறங்கினால் அவள் பேசுவதில்லை. அதனால் மகளைப் பற்றிப் பேச வேண்டியதை இருவரும் அங்கேயே பேசுகிறார்கள். பேசி முடியாததை மறுநாள் மூன்று மணிக்கு வைத்துக்கொள்கிறார்கள்.