மூன்றாவது கேமராவில் நீலச் சட்டை

ஆட்டம் முடிய ஆறு நிமிடம் இருந்தபோது பந்தைப் பிடிக்கப் பாய்ந்த கோல்கீப்பர் பெண், ஏழு மாதமும் ஒன்பது நாளும் தரைக்கு வரவில்லை. புல்லுக்கு மேலே நாலரை அடி உயரத்தில், வலது கை முழுக்க நீட்டி, இடது முழங்கால் மடங்கி, படுத்தவாக்கில் நின்றாள். அவள் விரலுக்கு ஒரு சாண் முன்னால் பந்து நின்றது. பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் டேப் பிடித்து அளந்தார், அரசு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து மறுபடி அளந்தார், அளவு ஒரு நூல்கூட மாறவில்லை. மழையில் நனைந்தாள், வெயிலில் காய்ந்தாள். பசி எடுக்கவில்லை, நகம் வளரவில்லை. கண் திறந்தபடி பந்தையே பார்த்தது. அந்தப் பார்வையில் பயம் கிடையாது. பிடித்துவிடலாம் என்ற கணக்குதான் இருந்தது. பஸ் கண்டக்டரான அவள் அம்மா தினமும் டியூட்டி முடிந்ததும் ஏணி போட்டு ஏறி, மகள் முகத்தைத் துடைத்துவிட்டுப் போனாள்.

செய்தது பிரேக்குக்காரரின் மகள். பிரேக்குக்காரர் என்றால் நெடுஞ்சாலை ஓரத்து ஷெட்டில் முப்பத்தோரு வருடமாக லாரிகளுக்கு பிரேக் பார்க்கிறவர். கண்ணால் பார்க்காததை நம்பமாட்டார். பார்த்ததையும் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் நம்புவார். பள்ளியில் விளையாட்டை நேரடியாக ஒளிபரப்பக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு தொடங்கியதும் அதில் முதல் ஆளாகச் சேர்ந்தது அவர் மகள்தான். "பட்டனை அமுக்கறதுக்கு ஒரு படிப்பா? லிஃப்டுல போறவன்கூடத்தான் அமுக்கறான்" என்றார் அவர். அதற்குமேல் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

வகுப்பு நடந்தது பழைய வேதியியல் ஆய்வுக்கூடத்தில். கைகழுவும் தொட்டிக்கு மேலே பலகை போட்டு மானிட்டர்களை வைத்திருந்தார்கள், அமிலம் தின்ற மேசையில் சுவிட்சுப் பலகை இருந்தது. சொல்லிக்கொடுத்த அம்மாள் இருபத்திரண்டு வருடம் டெலிவிஷனில் வேலை பார்த்து, இடுப்புவலியோடு வந்தவர். பிள்ளைகள் அவரை கட் மிஸ் என்றார்கள். முதல் மூன்று மாதம் கேமராவைத் தொடவிடவில்லை. பழைய ஆட்டங்களைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, "ரெடி மூணு, எடு மூணு" என்று எடுக்க வேண்டிய கேமராவின் எண்ணை ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். பிறகு கேமராவைத் தெருவுக்குத் தூக்கிப்போய், தூங்குகிற நாயின் மூக்கை அரைமணி நேரம் ஃபோகஸில் வைக்கச் சொன்னார். நாய் பெருமூச்சு விட்டாலும் மூக்கு மங்கக் கூடாது. "பந்து எங்க போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும். அது போறதுக்கு முன்னாடி யாரு திரும்பறாங்கன்னு நீங்க பாருங்க" என்பார். மகள் ஒரு வருடத்தில் ரீப்ளே மெஷினுக்கு வந்துவிட்டாள். நடந்து முடிந்ததைத் திரும்ப எடுத்து, மெதுவாக ஓட்டி, வேண்டிய இடத்தில் நிறுத்திக் காட்டுகிற வேலை. அதில் இரண்டு வரிசைப் பட்டன். மேல்வரிசை பதிவான படத்துக்கு, கீழ்வரிசை நேரடிப் படத்துக்கு. கீழ்வரிசையில் நிறுத்துகிற பட்டனை யாரும் தொட வேண்டிய அவசியமே கிடையாது. எதற்காக அதை வைத்தார்கள் என்று செய்தவனைத்தான் கேட்க வேண்டும்.

அன்றைக்கு மகள் கெஞ்சிக் கூப்பிட்டதால் பிரேக்குக்காரர் ஷெட்டிலிருந்து நேராக, கிரீஸ் படிந்த நீலச் சட்டையோடு போய், கோல் கம்பத்துக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். மகளோ ஒரு கதவு சாத்திய அறைக்குள் இருந்தாள். பார்க்க என்ன இருக்கிறது? ஆறு நிமிடம் இருக்கும்போது, ஷெட்டில் ஒரு லாரி காத்திருப்பது நினைவுக்கு வந்து எழுந்து போய்விட்டார். முதுகுக்குப் பின்னால் மைதானம் திடீரென்று அடங்கியது. நம் பிள்ளைகள் கோல் வாங்கிவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டார். இருட்டுவதற்குள் மகள் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள். அவளைப் பார்த்து, "கடைசி வரைக்கும் இருந்து பார்த்தேன். நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அவள் செருப்போடே உள்ளே போனாள். பத்து நிமிடம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து விஷயத்தைச் சொன்னபோது, சொன்ன பொய்யைத் திரும்பப் பிடிக்க அவருக்கு வழியில்லாமல் போனது.

மறுவாரம் கிரேன் வந்தது. பெண்ணின் இடுப்பில் மெத்தென்ற பட்டை சுற்றி இழுத்ததில் கிரேனின் பின்சக்கரம்தான் தரையை விட்டுக் கிளம்பியது, அவள் அசையவில்லை. பேப்பர்காரர்கள் வந்து ஆளுக்கொரு பொய் எழுதிவிட்டுப் போனார்கள். ஷெட்டில் டயர்க்கடைக்காரர், "அப்பன் லாரியைத்தான் நிறுத்துவான், மக ஆளையே நிறுத்திட்டா" என்று வருகிற ஓட்டுநர்களிடமெல்லாம் சொன்னார். கட் மிஸ் மட்டும் பதறவில்லை. மைதானத்துப் பெரிய திரையில் அந்தப் படம் நின்றபடியே இருந்தது. அவர் நாற்காலி போட்டு அதன் எதிரே பல நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: மூன்றாவது கேமராவில் ஃபோகஸில் இருந்தது நின்றுவிட்டது. மங்கலில் இருந்தது தப்பித்து வீட்டுக்குப் போய்விட்டது. போனது திரும்பி வந்தால்தான் படம் மேலே ஓடும்.

அதற்கு அத்தாட்சியும் கிடைத்தது. ஒரு நாள் கண்டக்டரம்மா களைப்பில், ஆட்டத்தன்று உட்கார்ந்த இடத்திலேயே, அன்று பிடித்த சிவப்புக் குடையோடு உட்கார்ந்தாள். பந்து ஒரு தையல் அளவு சுழன்றது. அன்றிலிருந்து வகுப்புப் பிள்ளைகள் திரையில் தெரிந்த மங்கல் நிறங்களை எண்ணி வரைபடம் போட்டார்கள். மொத்தம் அறுபத்து மூன்று. வீடு வீடாகப் போனார்கள். மஞ்சள் தொப்பிக்காரர் வேறு ஊரில் வேலைக்குப் போயிருந்தார், ரயிலேறி வந்தார். மடியில் இருந்த குழந்தை அதற்குள் நடக்கக் கற்றிருந்தது. அதைப் பழையபடி மடியில் உட்காரவைக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஒவ்வொருவர் வந்து உட்காரும்போதும் பந்து கொஞ்சம் சுழன்றது, கோல்கீப்பரின் முடி நெற்றியில் கொஞ்சம் சரிந்தது. இதற்கு நடுவில் மேலதிகாரிகள் ஓலை அனுப்பினார்கள்: வகுப்பு ரத்து, மெஷின்களை முப்பதாம் தேதி கழற்றி எடுத்துப்போவோம். கழற்றினால் அந்தப் பெண் விழுவாளா, அப்படியே நிற்பாளா, இல்லாமலே போவாளா என்று சொல்ல ஒருவருக்கும் தெரியவில்லை. இருபத்தாறாம் தேதி மூன்றாவது வரிசையில் ஒரே ஓர் இடம் காலி. திரையில் அந்த இடத்தில் நீலமாக ஒரு தீற்றல், அதுவும் முதுகு. உடற்பயிற்சி ஆசிரியர் தானே ஒரு நீலச் சட்டை போட்டுக்கொண்டு நின்று பார்த்தார். பந்து அசையவில்லை.

பிரேக்குக்காரர் திரையைப் பார்க்கப் போகவே இல்லை. தெருவிலிருந்தே அது யார் முதுகு என்று தெரிந்தது. ஊரே மைதானத்தைப் பார்த்தபோது ஒருத்தன் மட்டும் திரும்பி நின்றான், அது தான்தான் என்று வாயைத் திறந்து சொல்ல அவருக்கு வரவில்லை. இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். மகளின் செருப்பு வந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றது.

"அப்பா, ஸ்பேனர் எடுத்துத் தரட்டுமா?"

"வேணாம். ஸ்கூல் இல்லையா உனக்கு?"

"அறுபத்திரண்டு பேர் வந்துட்டாங்க. ஒருத்தர்தான் வரணும்."

"வருவான், எங்க போயிடப் போறான்."

"எங்கயும் போகல. லாரிக்கு அடியில படுத்துட்டிருக்காரு."

கொஞ்ச நேரம் இறுகியிருந்த நட்டையே மறுபடி இறுக்கினார். "எப்பத்திலிருந்து தெரியும்?"

"அன்னைக்கே. படம் மங்கலா இருந்தா என்ன, உங்க முதுகு எனக்குத் தெரியாதா? எல்லாரும் கை தவறிடுச்சுன்னு நினைக்கறாங்க. தவறலப்பா. நீங்க எழுந்து போறது மானிட்டர்ல தெரிஞ்சுது. போகக் கூடாதுன்னுதான் அமுக்குனேன். ஃபோகஸ் அவ மேல இருந்துச்சு, நான் என்ன பண்ண?"

"இத்தனை நாளா ஏம்மா சொல்லல?"

"கடைசி வரைக்கும் பார்த்தேன்னீங்களே. எங்கப்பா பொய் சொல்றாருன்னு நானே போய்ச் சொல்லணுமா?"

லாரிக்கு அடியில் ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அந்தச் சட்டை துவைக்கப் போட்டது" என்று வந்தது.

"துவைச்சு மடிச்சு வெச்சிருக்கேன். கிரீஸ் கறைதான் போகல. அது போகாம இருக்கறதுதான் நல்லதுன்னாங்க மிஸ்."

மறுநாள் சாயங்காலம், அன்றைய ஆட்டம் நின்ற அதே மணிக்கு, அவர் அறுபத்திரண்டு பேருக்கு நடுவில் படியேறினார். டயர்க்கடைக்காரர் முதல் வரிசையில் பழுப்பு நிறத் தீற்றலாக உட்கார்ந்திருந்தார். "அட, நீதானா அது!" என்றார். வேறு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கண்டக்டரம்மா மட்டும் குடையைச் சாய்த்து, "அண்ணே, ஆடாம நில்லுங்க. எம் பொண்ணு இப்ப உங்க முதுகுலதான் இருக்கா" என்றாள். பாதி எழுந்து, இடது காலைப் படியில் வைத்து, கையால் பையில் சாவி தேடுகிற மாதிரி திரும்பி நின்றார். ஒலிபெருக்கியில் கட் மிஸ் பேசினார்: "நீலச் சட்டை, தோளைக் கொஞ்சம் இறக்குங்க. இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான். விட்டதும் ரெண்டு அடி அன்னைக்கு நடந்த மாதிரியே நடங்க, திரும்பக் கூடாது." முப்பத்தோரு வருடமாக எந்த முதலாளி சொல்லியும் இறங்காத தோள் இறங்கியது. மைதானத்தில் இருபத்தோரு ஆட்டக்காரிகளும் பழைய இடத்தில் நின்றார்கள், ஏழு மாத வளர்த்தியில் சட்டை எல்லாருக்கும் இறுக்கிப் பிடித்தது. பிறகு அவர் மகளின் குரல் வந்தது. வீட்டில் அவர் கேட்டே இராத குரல்; நடுக்கமில்லாமல், அளவாக, ஒரு பெரிய வண்டியைச் சரிவில் இறக்குகிறவன் பேசுகிற மாதிரி. "ரெடி மூணு. விடறேன்."

பிரேக்குக்காரர் ஓர் அடி நடந்தார். முதுகுக்குப் பின்னால் கையுறையில் தோல் அறைந்த சத்தம் கேட்டது. இன்னோர் அடி நடந்தார். ஓர் உடம்பு தரையில் விழுந்து உருண்டது, அறுபத்திரண்டு பேர் ஏழு மாதமாக அடக்கிய மூச்சை விட்டதில் கோல் வலை உப்பி அடங்கியது. அவர் வாழ்நாளில் அவ்வளவு நீளமாக இரண்டு அடி நடந்ததில்லை. மூன்றாவது அடியில் திரும்பினார். கோல்கீப்பர் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்று, தன் பின்வரிசைக்காரியைப் பார்த்து, "அவளை எவடி ஃப்ரீயா விட்டது? தூங்கிட்டிருந்தியா?" என்று கத்திக்கொண்டிருந்தாள். ஒரு நொடிக்கு முன் அவள் பார்த்ததைவிட இரண்டு விரல் உயரமாகியிருந்த பின்வரிசைக்காரி அழுதுகொண்டே, "சாரிடி" என்றாள். நடுவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஆறு நிமிடம் ஆடச் சொன்னார். ஐந்தாவது நிமிடத்தில் சும்மா உருண்டுவந்த ஒரு பந்து அதே கோல்கீப்பரின் காலிடையில் புகுந்து, ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள். பிரேக்குக்காரர் நின்றபடியே அவ்வளவையும் பார்த்தார். ஒவ்வொரு முறையும் பெரிய திரையில் யாரோ திரும்புவது முதலில் தெரிந்தது, அதற்கப்புறம்தான் பந்து அந்தப் பக்கம் போனது. இது எப்படி என்று அவர் யாரையும் கேட்கவில்லை, எதையும் தட்டிப் பார்க்கவும் இல்லை. முப்பதாம் தேதி வந்த அதிகாரிகள் மைதானம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, நின்றவள் இறங்கிவிட்டாள், வகுப்பு நடக்கலாம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மெஷின்களைத் தொடாமல் போனார்கள்.

மகள் படிப்பு முடிந்து ஒரு பெரிய டெலிவிஷனில் வேலைக்குப் போனாள். பள்ளி மெஷினில் கீழ்வரிசைப் பட்டன் அப்படியேதான் இருக்கிறது. புதுப் பிள்ளைகளின் விரல் வருடத்துக்கு ஒரு தடவையாவது அதில் பட்டுவிடும். நீளம் தாண்டின ஒருத்தன் மணலுக்கு மேலே பதினோரு நாள் நின்றான். ஓட்டப்பந்தயத் துப்பாக்கியின் புகை ஒரு வாரம் கலையாமல் நின்றது. கிரேனுக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை. நான் இங்கே உட்கார்ந்தேன், நீ அங்கே தும்மினாய் என்று பேசிக்கொண்டே வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். போன வருடம் வாலிபால் ஆட்டத்தில் இரண்டாவது கேமரா பார்வையாளர் பக்கம் திரும்பியபோது நின்றது பிரேக்குக்காரரே. மூன்றாவது வரிசையில், வாய் திறந்து, இரண்டு கையும் தலைக்கு மேலே. அவர் மனைவி வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு நாளாவது வீடு அமைதியா இருக்கும்" என்று சொல்லி, கண்ணாடியை மட்டும் பத்திரமாகக் கழற்றி எடுத்துப்போக முயன்றார், அது வரவில்லை. ஷெட்டில் நாலு லாரி காத்திருந்தது. இரண்டரை நாள் கழித்து விட்டபோது, பாதியில் நின்ற கூச்சலை முழுக்கப் போட்டு முடித்துவிட்டு அவர் உட்கார்ந்தார்.