பாதம் கழுவும் பாத்திரம்

அந்த மரத்தின் பெயர் யாருக்கும் தெரியவில்லை. கலகெதர ஊரில் கிளைவின் தோட்டத்தில் காற்றுக்குச் சாய்ந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் எங்கிருந்தோ கொண்டுவந்து நட்டதாம். கிளைவ் அடித்துண்டை அறுத்து தான் பூசைக்குப் போகும் மகியாவ கோவிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்தான். பெரிய வியாழனன்று பாதம் கழுவ அதில் ஒரு பாத்திரம் கடையலாம் என்றார் ஃபாதர். பழைய எனாமல் பேசின் துருவேறிப் போயிருந்தது.

அந்தக் கோவிலைச் சேர்ந்தவர்களில் மரம் கடைகிறவர் கிறகரி ஒருவர்தான். பெரிய வெள்ளியில் பசாம் படிப்பவரும் அவரே. ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் அந்த நீண்ட ஒப்பாரியை அவர் எடுத்தால், பெண்கள் முக்காட்டை முகத்தின் மேல் இழுத்துக்கொள்வார்கள். அடுத்த வருஷத்திலிருந்து கொயர் பிள்ளைகள் கீபோர்டோடு படிப்பார்கள் என்று ஃபாதர் சொல்லிவிட்டார். இந்த வருஷம்தான் கிறகரிக்குக் கடைசி.

மரம் எளிதில் இணங்கவில்லை. உளியை வைத்தால் கல்லில் பட்டது போல எகிறியது. தீட்டித் தீட்டி வைத்தார். சீவல் சுருளாக வரவில்லை; தூளாகக் கொட்டியது. மிளகு நெடி அடித்தது. உள்ளே நிறம் கருஞ்சிவப்பு. பலாவிலும் தேக்கிலும் அப்படியொரு நிறத்தை அவர் கண்டதில்லை.

சில நாளில் தொண்டை காய்ந்தது. குரல் கரகரத்தது.

“ஒருசந்தி புடிக்கிறேன்ல, அதான்” என்றார் மனைவியிடம். தவக்காலம் முழுக்க அவருக்கு ஒருவேளைச் சாப்பாடுதான். வருஷா வருஷம் நடுவில் தொண்டை கட்டும். கொத்தமல்லித் தண்ணீரில் சரியாகிவிடும்.

பியட்றிஸ் தண்ணீரை ஆற்றிக் கொடுத்தாள். “வயசப் பாத்துப் புடிங்க. ஆண்டவரே முப்பது வயசுலதான் புடிச்சாரு.”

“வாய மூடுடி.”

“நான் மூடிக்கிறேன். பெரிய வெள்ளிக்கு நீங்க தொறக்கணுமே.”

அதற்குப் பயந்து அவர் ஒருசந்தியை முறித்தார். காலையில் பாணும் சம்பலும் சாப்பிட்டார், திருடித் தின்பவனைப் போல. சாப்பிட்டுவிட்டுக் கொட்டிலுக்குப் போய் மறுபடி கடைந்தார். குரல் இன்னும் மோசமாயிற்று. கடவுள் தண்டிப்பதாக நினைத்து, மீண்டும் ஒருசந்தி பிடித்தார்.

அந்த வாரம் பியட்றிஸின் அக்காளுக்குச் சுகமில்லையென்று கம்பளைக்குப் போய் இரண்டு நாள் தங்கினார்கள். அங்கே பட்டினியாகவே இருந்தார். குரல் திரும்பியது. கிணற்றடியில் மெதுவாகப் பாடிப் பார்த்தார். பழைய குரல்.

திரும்பி வந்து பாத்திரத்தின் உட்புறத்தைக் கடையத் தொடங்கினார். தேத்தண்ணி நேரத்துக்குள் கண் எரிந்தது. பியட்றிஸைக் கூப்பிட வாயைத் திறந்தார்; பாதிக் குரல்தான் வந்தது. கடைசல் இயந்திரத்தை நிறுத்தினார்.

“ஒருசந்தி இல்ல பியட்றிஸ். மரந்தான்.”

“அப்ப அத ஓடையில தூக்கிப் போடுங்க. பேசின் இருக்குல்ல?”

மறுநாள், பெரிய புதன், ஃபாதர் பார்க்க வந்தார். கோவில் வேலைகளைக் கவனிக்கும் அன்ட்ரூவும் கூட வந்தான்.

“என்ன கிறகரி அண்ணே, தவளயா முழுங்குனீங்க? பசாம நான் படிக்கவா?” என்றான் அன்ட்ரூ, அவர் குரலைக் கேட்டு.

“நீ படிச்சா மாதா சிலுவையடிய விட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க.”

ஃபாதர் சிரித்தபடி பாத்திரத்துக்குள் கையை ஓட்டினார். சட்டென்று இழுத்துக்கொண்டார். விரலில் சிராய் ஏறியிருந்தது.

“உள்ளுக்குத் தேய்க்கணும் போல. முடியலன்னா பரவாயில்ல, கிறகரி. பேசினயே வைப்போம்.”

அவர்கள் போன பிறகு கிறகரி பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பசாம் வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிடும். இந்தப் பாத்திரம் வருஷா வருஷம் வெளியே வரும். கம்பளையில் இரண்டு நாளில் குரல் திரும்பியது. இன்று தேய்த்தாலும் வெள்ளிக்கு முன் இரண்டு இரவு இருக்கின்றன.

ஈரத் துணியை வாயில் கட்டிக்கொண்டு சாண்ட்பேப்பரை எடுத்தார். சீவலை விட நுண்ணிய தூள் பறந்தது. துணி சிவந்தது. அவர் நிறுத்தவில்லை.

வியாழன் மாலை ஃபாதர் முழங்காலிட்டுப் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவினார். புதுப் பாத்திரம் ஒரு சொட்டும் கசியவில்லை. யாரும் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கிறகரி எச்சிலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குரலைச் சோதித்துப் பார்க்கப் பயமாக இருந்தது.

வெள்ளி பிற்பகல். சுரூபச் சிலைகளை ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். அவர் முன்னே போய், பீடத்தைப் பார்த்து நின்று, முதல் வரியை எடுத்தார். காற்றுதான் வந்தது. மறுபடி எடுத்தார். கதவு கிரீச்சிடுவது போல ஒரு சத்தம். பெஞ்சுகளில் யாரோ இருமினார்கள்.

பின்னாலிருந்து அன்ட்ரூ அதே வரியை எடுத்தான். சுருதி மேலே போய்விட்டது. சொற்கள் சரியாக இருந்தன. பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். இரண்டாவது அடியில் கோவில் முழுக்கச் சேர்ந்துகொண்டது.

இடத்துக்குப் போய் உட்கார வேண்டுமானால் அவர் சனங்களின் பக்கம் திரும்பியாக வேண்டும். கிறகரி திரும்பவில்லை. பசாம் நீளமானது. அது முடியும்வரை பீடத்தைப் பார்த்தபடியே நின்றார்.