வெள்ளைக் கோடு போட்ட நீல வயர்

பிஷ்கெக் கார் சந்தையில் கடைசி வரிசையில், ஒரு பழைய கப்பல் கண்டெய்னருக்குள் இருந்தது ஜுமாலியின் கடை. ஜப்பானிலிருந்து வந்து இறங்கும் பழைய வண்டிகளுக்குப் புது ஸ்டீரியோ மாட்டும் வேலை. அந்த வண்டிகளோடு வரும் செட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஜப்பான்காரனுக்குத்தான் தெரியும். உள்ளூர் ரேடியோவும் அதில் சரியாக எடுக்காது. அதனால் வண்டி வாங்கியவன் சாவி கைக்கு வந்ததும் நேராக இங்கேதான் வருவான்.

பதினேழு வருடமாக அவரோடு வேலை பார்த்தவன் ஒமுர்சாக். டேஷ்போர்டைக் கழற்றுவது, கதவுத் தட்டிகளைக் கீறல் விழாமல் பிரிப்பது, திரும்ப மாட்டுவது எல்லாம் அவன். வயர் மட்டும் ஜுமாலி. இன்னொருத்தன் கை வயரில் பட அவர் விட்டதில்லை. யாரையும் நம்பாத ஆள் அவர். கடையைப் பூட்டினால் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார், ஒமுர்சாக்கை ஒரு தரம் இழுக்கச் சொல்வார், அவன் இழுத்ததில் திருப்தி வராமல் மறுபடி தானே இழுப்பார். பூட்டுக்கே வெட்கமாக இருக்கும் அண்ணே என்று ஒமுர்சாக் சிரிப்பான். மனைவி இறந்த பிறகு ஜுமாலியோடு உட்கார்ந்து சாப்பிட்ட ஒரே மனிதன் அவன்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு கடையில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் காணாமல் போயிற்று. எடுத்தது யாரென்று கடைசி வரை தெரியவில்லை. ஜுமாலி எதுவும் கேட்கவில்லை. மறக்கவும் இல்லை.

எசென்கான் வண்டியைக் கொண்டு வந்தது ஒரு வியாழக்கிழமை. நாரின் ஊருக்கு ஆள் ஏற்றி ஓட்டுகிறவன், கல்யாணம் ஆகாதவன். ஆறு மணி நேரப் பாதை, பாட்டு இல்லாவிட்டால் பின்சீட்டுப் பெண்கள் வழி நெடுக என் கல்யாணத்தைப் பற்றியே பேசிக் கொல்கிறார்கள், எப்படியாவது சத்தம் வரச் செய்யுங்கள் என்றான்.

கதவு ஸ்பீக்கர் மூடியில் சின்னத் தகடு ஒட்டியிருந்தது. அது இருந்தால் வண்டிக்குள் எங்கேயோ கம்பெனியே வைத்த ஆம்ப்ளிஃபயர் பெட்டி இருக்கிறது என்று அர்த்தம். ஸ்பீக்கருக்குச் சத்தம் போவது அந்தப் பெட்டி வழியாகத்தான். ஜுமாலி பேட்டரியைக் கழற்றிவிட்டு வயர்களை ஒவ்வொன்றாக இணைத்தார். அன்று மதியம் தெருவில் ஒரு சாவு வீட்டுச் சாப்பாடு. போகாமல் இருக்க முடியாது. அவசர அவசரமாக டேப் சுற்றி முடித்து, மிச்சத்தை ஒமுர்சாக்கிடம் விட்டுவிட்டுப் போனார்.

இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், செட் மாட்டி முடிந்திருந்தது, திரை பளிச்சென்று எரிந்தது, சத்தம் மட்டும் இல்லை. ஒமுர்சாக் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

ஜுமாலி முன்சீட்டுக்கு அடியில் கையை விட்டார். அந்த மாதிரி வண்டிகளில் பெட்டி அங்கேதான் இருக்கும். தரையில் இரண்டு போல்ட் ஓட்டைகள் இருந்தன. பெட்டி இல்லை.

பின்பக்கத் தட்டியையும் கழற்றிப் பார்க்கலாம், சில வண்டியில் அங்கே வைப்பார்கள் என்றான் ஒமுர்சாக். வேண்டாம் என்றார் ஜுமாலி. அவர் குரல் மாறியிருந்தது. பக்கத்துக் கண்டெய்னர்காரர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"நான் சாவு வீட்டுக்குப் போயிருந்த நேரத்துல இங்க யாரு இருந்தது?"

"நான்தான் இருந்தேன்ணே."

"அப்ப பொட்டி எங்க போச்சு, நடந்து போச்சா? ரெண்டு வருஷம் முன்னாடி ஸ்பீக்கரும் இப்படித்தான் நடந்து போச்சு."

ஒமுர்சாக் கடைக்குள் போய், துணியில் சுற்றி வைத்திருந்த மதிய ரொட்டியை எடுத்து வந்தான். இரண்டு கையாலும் அதைத் தூக்கி நெற்றியில் வைத்தான். நான் எடுத்திருந்தால் இந்த ரொட்டி என்னைத் தண்டிக்கட்டும் என்றான். அந்த ஊரில் அதற்கு மேல் சத்தியம் கிடையாது. ரொட்டியைத் தொட்டவனை நீதிபதிகூட மேலே கேட்கமாட்டான்.

"ரொட்டியக் கீழ வை," என்றார் ஜுமாலி. "அது என்ன பாவம் பண்ணுச்சு, உன் கையில மாட்டிக்கிட்டு?"

எட்டிப் பார்த்தவர்கள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ஒமுர்சாக் ரொட்டியைத் துணியில் திரும்பச் சுற்றி வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டான். தன் சொந்த ஸ்க்ரூ டிரைவரை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தான். திரும்பிப் பார்ப்பான் என்று ஜுமாலி நினைத்தார். பார்க்கவில்லை.

எசென்கான் சத்தமில்லாத வண்டியோடு நாரினுக்குப் போனான். நான்காம் நாள் வந்து நின்றான்.

"அண்ணே, உங்க திருடன் ரொம்ப நல்லவன். திருடின பொருள வண்டிக்குள்ளயே ஒளிச்சு வச்சுட்டுப் போயிருக்கான்."

வழியில் டயர் பஞ்சராகி, ஜாக்கி எடுக்கப் பின்பக்கத் தட்டியைக் கழற்றினானாம். உள்ளே சக்கரத்துக்கு மேலே, ஜப்பான் தூசி கலையாமல் உட்கார்ந்திருந்தது பெட்டி. நான்கு போல்ட்டும் கம்பெனி முடுக்கியபடியே இருந்தன. முன்சீட்டு ஓட்டைகள் வேறு மாடலுக்காகப் போட்டவை.

ஜுமாலி டேஷ்போர்டைத் தானே கழற்றினார். ஒமுர்சாக் ஐந்து நிமிடத்தில் கழற்றுவதைக் கழற்ற அவருக்கு முக்கால் மணி ஆயிற்று, ஒரு கிளிப்பும் உடைந்தது. செட்டை வெளியே இழுத்துப் பார்த்தார்.

புது செட்டின் பின்னாலிருந்து வரும் நீல வயர் வண்டியின் ஆண்டெனாக் கம்பியை மேலே தூக்கும். பனிக்காலத்தில் அந்தக் கம்பி உறைந்து முறிந்துபோகும், மோட்டார் மட்டும் சுற்றிக்கொண்டே பேட்டரியைக் குடிக்கும். அதனால் எந்த வண்டி வந்தாலும் நீல வயருக்கு டேப் சுற்றி ஓரம் கட்டிவிடுவது அவர் வழக்கம். வெள்ளைக் கோடு போட்ட நீல வயர் வேறு. ஆம்ப்ளிஃபயரை எழுப்புவது அது. அதை இணைக்காவிட்டால் பெட்டி செத்த மாதிரி கிடக்கும். இரண்டையும் சேர்த்து ஒரே டேப்பால் சுற்றியிருந்தது. நுனியை மடித்து விட்டிருந்த விதம் அவருடையது. அப்படிச் சுற்றுகிறவன் அந்தச் சந்தையில் வேறு யாருமில்லை.

பிரித்து இணைத்தார். பாட்டு வந்தது. நல்ல சத்தம், நான்கு கதவிலும். எசென்கான் தோளை ஆட்டினான். அவர் குறைக்கச் சொன்னார்.

அன்று சாயங்காலமே கடையை மூடிவிட்டு, தேயிலையும் மிட்டாயும் வாங்கிக்கொண்டு மினிபஸ் பிடித்து நகரத்துக்கு வெளியே இருந்த ஒமுர்சாக் வீட்டுக்குப் போனார். அவன் மனைவி ஊல்கான் கதவைத் திறந்தாள். உள்ளே வாங்க என்றாள். சாப்பாட்டு விரிப்பைப் போட்டாள். மரியாதையில் ஒரு குறையுமில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

ஒமுர்சாக் வந்து எதிரே உட்கார்ந்ததும் பெட்டி கிடைத்ததைச் சொன்னார். எசென்கான் போனில் சொல்லிவிட்டான் என்றான் ஒமுர்சாக். வயரைச் சுற்றி வைத்தது நான்தான், தப்பு என்னுடையது என்றார். அறுபத்து மூன்று வயதில் அந்த வார்த்தையை அவர் வாய் முதல் முறையாகச் சொன்னது. சரி அண்ணே, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை என்றான் அவன்.

"நாளைக்கு வந்துடு தம்பி. இனிமே வயர் வேலையும் நீயே பாரு. நான் கை வைக்கல."

ஒமுர்சாக் விரிப்பில் கிடந்த ஒரு துணுக்கை விரலால் தள்ளினான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்ணே. பின்பக்கம் கழட்டிப் பாக்கலாம்னு சொன்னேன். பத்து நிமிஷ வேலை. ஏன் வேணாம்னீங்க?"

ஜுமாலிக்கு விடை தெரிந்திருந்தது. கழற்றினால் பெட்டி கிடைத்துவிடுமோ என்றுதான். இரண்டு வருடமாகச் சோறு போட்டு வளர்த்த சந்தேகம், அன்றைக்குத்தான் அதற்கு ஓர் எலும்புத் துண்டு அகப்பட்டது. அதைப் பிடுங்க அவருக்கு மனம் வரவில்லை. இதை எந்த வாயால் சொல்வது?

"அவசரம்," என்றார்.

ஒமுர்சாக் தலையாட்டினான். ஊல்கான் தேநீர்க் கெண்டியைத் தூக்கினாள். அவன் அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டான். விருந்தாளி இருக்கவேண்டும் என்று நினைக்கிற வீட்டில் அரைக் கிண்ணம்தான் ஊற்றுவார்கள், தீரத் தீர மறுபடி ஊற்றலாம் என்று. குடித்துவிட்டுக் கிளம்பு என்றால் முழுக் கிண்ணம். பதினேழு வருடத்தில் இந்தக் கையால் எத்தனை ஆயிரம் அரைக் கிண்ணம் குடித்திருப்பார் என்று கணக்கில்லை.

அவர் கிண்ணத்தில் தேநீர் பாதிக்கு வந்தது. கெண்டி நிமிரவில்லை. விளிம்பு வரை வந்து நின்றது.

"குடிங்கண்ணே," என்றான் ஒமுர்சாக், மரியாதையாக.

ஜுமாலி கிண்ணத்தைச் சிந்தாமல் எடுத்தார். ஊதி ஊதி, எவ்வளவு மெதுவாகக் குடிக்க முடியுமோ அவ்வளவு மெதுவாகக் குடித்தார்.